காற்று நேராக வரும் வீடு

வாருங்கள், உள்ளே வாருங்கள். சமையலறை வழியாக வரவைத்துவிட்டார் புரோக்கர் தணிகாசலம், தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் பால் பாத்திரத்தைத் தாண்டி இப்படி வந்துவிடுங்கள். இடுக்கியின் பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைத்திருக்கிறேன், புடவை மாட்டாது. குழந்தை இருக்கிற வீட்டில் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எனக்கு வேலையே ஓடாது.

எல்லோரையும் இந்தப் பின்சந்து மாடிப்படி வழியாகத்தான் கூட்டிக்கொண்டு வருகிறார். முன் கேட் சாவி தொலைந்துவிட்டது என்றா சொன்னார்? இதோ, ஆணியில் தொங்குகிறதே. அவர் என்னிடம் கேட்கவே இல்லை. பாவம், ஒரு நாளைக்கு எத்தனை வீடு, எத்தனை சாவி.

உட்காருங்கள். போன் பேசத்தானே கீழே போயிருக்கிறார், வந்துவிடுவார். மெதுவாகப் பேசுவோம், உள்ளே பாப்பா தூங்குகிறாள். நறுமுகை என்று பெயர். மூன்று முடிந்து நாலு நடக்கிறது. காபியில் சர்க்கரை உண்டா?

உங்கள் மகனுக்கு ஆவணியில் கல்யாணமாமே. தணிகாசலம் சொன்னார். புதுக் குடித்தனத்துக்கு இது அளவான வீடுதான். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை. இந்த பெசன்ட் நகரில் இதைவிடச் சின்னதாக வைத்துக்கொண்டு இரண்டு படுக்கையறை என்று சொல்லுவார்கள்.

நான் நிறையப் பேசுவேன், சொல்லிவிடுகிறேன். வீடு பார்க்க வருகிறவர்களிடம் பேசு, உன் பாட்டுக்கு எல்லாவற்றையும் சொல்லு, ஒன்றையும் விடாதே என்று என் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார். ஆச்சரியமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வீடு தேடி அலைந்தபோது இதே மனுஷர், "மேனகா, உன்னைக் கையெடுத்துக் கும்புடறேன், ஓனருங்க முன்னாடி வாயைத் திறக்காத" என்றவர்.

அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்த வீட்டின் அருமை உங்களுக்குப் புரியும்.

என் வீட்டுக்காரர் பெயர் இளம்பரிதி. இங்கே கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். ராத்திரி டியூட்டி. அப்போது பாப்பா கைக்குழந்தை. நாங்கள் இருந்தது மேடவாக்கத்துக்கும் அந்தப் பக்கம். இவர் சாயங்காலம் பஸ் ஏறினால் மறுநாள் காலையில்தான் முகம் பார்க்க முடியும். நடுவில் நானும் குழந்தையும் மட்டும். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். சிலிண்டருக்குப் பயம், சுற்றுகிற ஃபேனுக்குப் பயம், பல்லிக்குப் பயம். குழந்தை அழுதால் பயம், அழாமல் தூங்கினால் அதைவிடப் பயம், மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

நான் படித்ததெல்லாம் குன்னூரில், கான்வென்ட் ஹாஸ்டலில். அம்மா இல்லை, அப்பா கப்பலில். அதனால் பயம்கூட நான் சிஸ்டர்களிடம் கற்றுக்கொண்டதுதான். ஈரத் தலையோடு வெளியே போனால் நிமோனியா. இடி இடித்தால் இரும்புக் கட்டிலைத் தொடக் கூடாது. கொதிக்க வைக்காத தண்ணீர் விஷம். பொய் சொன்னால் அது திரும்பி நம்மிடமே வரும். வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வேறு பயங்கள் இருக்கும் போலிருக்கிறது. ராகு காலம், எமகண்டம் எல்லாம் காலண்டரில் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பீரியட் போட்டிருப்பது மாதிரி ஏதோ என்று விட்டுவிடுவேன்.

சரி, எங்கே விட்டேன். ஒரு நாள் நான் சொல்லிவிட்டேன். "நான் கூப்பிட்டா நீங்க அஞ்சு நிமிஷத்துல ஓடி வரணும். பஸ்ல இல்ல, ஆட்டோல இல்ல. ஓடி வரணும். அந்தத் தூரத்துல வீடு பாருங்க."

அவர் சிரித்தார். "ஆஸ்பத்திரியைச் சுத்தி அஞ்சு நிமிஷ ஓட்டத்துல யார் இருக்காங்க தெரியுமா? ரிட்டயர்டு நீதிபதி. ரெண்டு சினிமா தயாரிப்பாளர். பங்களா நாய்ங்க. அதுங்களோட சாப்பாட்டுச் செலவே நம்ம வாடகையை விட ஜாஸ்தி."

ஆனாலும் தேடினார். டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு ஒவ்வொரு தெருவாகத் தேடினார். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

முதலில் பார்த்த வீட்டை வீடு என்று சொல்லக் கூடாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு அறை. ஹால் என்று ஒரு இடத்தைக் காட்டினார்கள். அதில் நாங்கள் நின்றதும் காட்டினவர் வெளியே போய்த்தான் நிற்க வேண்டியிருந்தது. தலைக்கு மேலே அத்தனை தண்ணீர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அடுத்த வீடு நன்றாக இருந்தது. அந்த அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, எங்களை நிற்க வைத்தே கேட்டார். "வெஜிடேரியன்தானே?" இவர் கண்ணை மூடித் திறப்பதற்குள், "சுத்த சைவம்ங்க" என்று சொல்லிவிட்டார். சிஸ்டர் கான்செப்டா முகம் கண் முன்னால் வருகிறது. நான் சொல்லிவிட்டேன், "ஞாயித்துக்கிழமை தவிரம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் வஞ்சிரம்." அந்த அம்மாவின் ஊஞ்சல் நின்றது.

வெளியே வந்து தெரு முனை வரைக்கும் இவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அப்புறம், "உன்னை அவங்க கேக்கவே இல்லையே, மேனகா" என்றார்.

இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர், "குழந்தை அழுமா?" என்று கேட்டார். இவர், "அழவே அழாதுங்க, ரொம்ப சமத்து" என்றார். நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக. பாப்பா திறந்தாள். அவளும் என் பெண்தானே.

அப்போதுதான் தணிகாசலம் வந்தார். எங்களுக்கு ஏற்ற வீடு இந்த ஏரியாவிலேயே இல்லை என்று முதலில் கையை விரித்தார். போகிறபோது பைக்கை உதைத்துக்கொண்டே, "ஒண்ணு இருக்கு சார். ஆனா..." என்று இழுத்தார். அப்புறம் இவரைத் தோளில் கை போட்டு ஒரு காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் என்னவோ பேசினார். நீளமாகப் பேசினார். இவர் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். கமிஷன் பேரம், வேறென்ன. திரும்பி வந்ததும் தணிகாசலம் என்னையே பார்த்துவிட்டு, "தங்கமான மேடம் சார்" என்றார். நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. மனுஷர்களை எடைபோடத் தெரிந்தவர்.

அப்படிப் பார்த்ததுதான் இந்த வீடு. நீங்களே பாருங்கள், எவ்வளவு வெளிச்சம். வாடகையைச் சொன்னதும் நான் காதில் சரியாக விழவில்லை என்றுதான் நினைத்தேன். மேடவாக்கத்து வாடகை. பெசன்ட் நகரில்.

ஓனர் ருக்மாங்கதன் சார் மாதிரி ஒரு மனுஷரை நான் பார்த்ததில்லை. ஊஞ்சல் அம்மா கேட்ட கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. மீனா, கறியா, குழந்தை அழுமா, விருந்தாளி வருவார்களா, ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கேள்வி. "உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது வந்து பாப்பாங்களா?" நான்தான் சொன்னேன், எனக்கு அம்மா இல்லை, இவருக்கு அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லை, எங்களுக்கு வந்து பார்க்க யாரும் கிடையாது என்று. அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? சாவியை அங்கேயே என் கையில் வைத்துவிட்டார். ஆதரவில்லாதவர்கள் என்றதும் உருகிவிட்டார். என் உண்மைக்கு முதல் தடவையாகக் கிடைத்த பலன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் உள்ளே வரவே மாட்டார். அன்றைக்கும் கேட்டுக்குப் பக்கவாட்டில் நின்றபடியே பேசினார். அப்புறம் இந்த மூன்று வருஷமும், குழாய் ரிப்பேர் என்றாலும் ஆளை அனுப்பிவிட்டுத் தெருவிலேயே நிற்பார். குடியிருப்பவர்கள் வீட்டுக்குள் ஓனர் காலெடுத்து வைக்கக் கூடாது என்கிற நாகரிகம். எத்தனை பேருக்கு இருக்கிறது அது?

காபி ஆறிவிடப் போகிறது, குடியுங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பால் காய்ச்சினோம். இவருக்குச் செவ்வாய்தான் லீவு. ஆமாம், ஆடி மாசம். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தக் காற்றில் தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. பக்கத்து வீட்டுக் கோமளா மாமி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு தட்டில் குங்குமமும் பழமும் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியிலேயே என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ரொம்ப தைரியசாலிடி கொழந்தே" என்றார். என் வாழ்க்கையில் என்னைத் தைரியசாலி என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அன்றைக்கு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமி தங்கம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதில் ஓரமாக வந்து கேட்பார். "எல்லாரும் சௌக்கியமா? யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" இல்லை மாமி என்றால், "ஆச்சரியம்தான்" என்பார். அவர் பேச்சே அப்படி. இதற்கு முன்னால் இருந்தவர்கள் கதையும் மாமி சொல்லித்தான் தெரியும். ஒருவருக்குக் கால் முறிந்து மாடி ஏற முடியாமல் காலி செய்தாராம். அதற்கு முன்னால் இருந்தவருக்கு வேலை போய்விட்டது. அதற்கும் முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி, சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள். நகரத்தில் எல்லோருக்கும் நடப்பதுதானே. நீங்கள் ஏன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்? சூடு அதிகமா?

வீட்டில் நான் இரண்டே இரண்டு மாற்றம்தான் செய்தேன். சொல்லிவிடுகிறேன், நாளைக்கு உங்கள் மருமகள் கேட்டால் தெரிய வேண்டும். முன்பக்கம் ஒரு பொம்மை முகம் மாட்டியிருந்தது. கோரைப் பல், உருட்டின கண், நாக்கு வெளியே தொங்குகிறது. கைக்குழந்தை தினமும் அதைப் பார்த்து வளர வேண்டுமா? கழற்றிப் பரணில் போட்டேன். அந்த இடத்தில் மணி பிளான்ட் தொங்கவிட்டிருக்கிறேன். அப்புறம் நிலைப்படிக்கு மேலே ஒரு கண்ணாடி. அவ்வளவு உயரத்தில் யார் முகம் பார்ப்பார்கள்? முன்னால் இருந்தவர் ரொம்ப உயரம் போலிருக்கிறது என்று நினைத்து, எடுத்துக் குளியலறையில் மாட்டினேன். இவர் சவரம் செய்துகொள்ள வசதியாக இருக்குமே.

அன்றைக்குக் காலையில் இவர் முகத்தில் பாதி சோப்போடு அந்தக் கண்ணாடி முன்னால் அப்படியே நின்றார். "இது எங்க இருந்துது?" என்றார். வாசலுக்கு மேலே என்றேன். "அந்தப் பொம்மை?" பரணில் என்றேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பாப்பா என் இடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தாள். "சரி, நல்லாத்தான் இருக்கு" என்று மீதிப் பாதியைச் சவரம் செய்துகொண்டார்.

இவருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அதற்கப்புறம் வந்ததுதான். டியூட்டிக்குக் கிளம்பும்போது கீழே மதில் மாடத்தில் ஒரு பிள்ளையார் இருக்கிறார், அவர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கல்யாணத்தின்போது கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்த ஆள். இப்போது நான் மேலேயிருந்து பார்ப்பேன், நின்றுகொண்டே இருப்பார். ராத்திரி டியூட்டி அலுப்பு, நின்றபடியே ஒரு குட்டித் தூக்கம் போடுகிறார் என்று விட்டுவிடுவேன்.

காற்று. காற்றைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. இந்த வீட்டின் சொத்தே அதுதான். கடலிலிருந்து கிளம்புகிற காற்றுக்கு வேறு வழியே கிடையாது. நேராக நம் வாசலுக்குத்தான் வரும். முன் கதவையும் சமையலறைக் கதவையும் திறந்துவிட்டால், ஃபேன் வேண்டாம். ஃபேன் வேண்டாம் என்றால் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஒரு பயம் குறைந்தது. பாப்பா முகத்தில் அந்தக் காற்று பட்டுக்கொண்டே இருந்தால், அழாமல் தூங்கினாலும் நான் இப்போது மூக்கில் விரல் வைப்பதில்லை.

குறை ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று நினைக்காதீர்கள். இருப்பதைச் சொல்ல வேண்டும். தெருவில் வேகமாக வருகிற வண்டிகள் சில சமயம் திரும்ப மறந்துவிடும். பழகாத ஆட்கள். ஸ்கூட்டரில் வருகிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் கேட்டில் முட்டியிருக்கிறார்கள், முட்டியில் சிராய்ப்பு, நான் டெட்டால் போட்டு அனுப்புவேன். போன வருஷம் ஒரு தண்ணீர் லாரி.

இல்லை இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விடியற்காலை. பால் வாங்கி வைத்துவிட்டு நிற்கிறேன், பெரிய சத்தம். பிரேக் பிடிக்காமல் லாரி தெருவோடு நேராக வந்து கேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே நிற்கிறது. பிள்ளையார் மாடத்துக்கு ஒரு முழம் தள்ளி. டிரைவர் இறங்கி, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஆறு மாதிரி ஓடுகிறது. நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போன் போட்டேன். "வாங்க" என்று மட்டும்தான் சொன்னேன்.

எப்படி வந்தார் தெரியுமா? எக்ஸ்ரே அறையில் மாட்டிக்கொள்வார்களே, ஈயம் வைத்த கோட்டு, ஒரு மூட்டை அரிசி கனம் இருக்கும், அதோடு ஓடி வந்தார். கழற்றத் தோன்றவில்லை. தெருவெல்லாம் ஜன்னல் திறந்து பார்க்கிறார்கள். வந்து பாப்பாவின் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஒண்ணும் இல்லீங்க, கேட்டுதான்" என்றேன். அந்தக் கோட்டோடு அப்படியே பிள்ளையார் முன்னால் உட்கார்ந்து அழுதார். நான்தான் முதுகைத் தடவி, "எதுக்கு இவ்ளோ பயப்படறீங்க, லாரின்னா பிரேக் போகத்தானே செய்யும்" என்று சமாதானம் சொன்னேன். நினைத்துப் பாருங்கள், நான் அவருக்கு.

ஆனால் ஐந்து நிமிஷத்துக்குள் வந்துவிட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன். வீடு சரியான தூரத்தில் இருக்கிறது.

கேட் புதுசு. ருக்மாங்கதன் சார் மறுபேச்சு இல்லாமல் போட்டுக்கொடுத்தார்.

அப்படிப்பட்ட மனுஷர்தான் போன மாதம் திடீரென்று உள்ளே வந்தார். முதல் தடவையாக. வலது காலை எடுத்து வைத்து, பார்த்துப் பார்த்து வந்தார். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிதான். இரண்டு தம்ளர் காபி குடித்தார். "சார் வேலை எப்படி இருக்கு?" சீனியர் ஆக்கியிருக்கிறார்கள் என்றேன். "குழந்தைக்கு உடம்பு?" பிளே ஸ்கூலில் முதலாவதாக ஓடுகிறாள் என்றேன். "உங்களுக்குள்ள சண்டை கிண்டை?" எதற்குச் சார் சண்டை என்றேன். அவர் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "நீங்க வந்து வீட்டையே மாத்திட்டீங்கம்மா. இனிமே இதுக்கு என்ன குறை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மணி பிளான்ட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாக்கியம், வாடகை இரண்டு மடங்கு. தெருவில் மற்ற வீடுகளுக்கு என்னவோ அதுவே இதற்கும்.

எங்களால் முடியாது. முடியாது என்றால் மறுபடி மேடவாக்கம். மறுபடி ராத்திரி முழுவதும் நானும் குழந்தையும். அவர் ஓடி வர முடியாத தூரம்.

ஆனால் இவர் சாமர்த்தியமாக ஒன்று பேசினார். "சார், ஆடி பொறக்கறதுக்குள்ள நீங்க சொல்ற வாடகைக்கு யாராவது வந்து அட்வான்ஸ் குடுத்துட்டா நாங்க ஒரு வார்த்தை பேசாம காலி பண்றோம். யாரும் வரலேன்னா பழைய வாடகைக்கே இருக்கோம்." ஓனர் சிரித்துவிட்டார். "பெசன்ட் நகர்ல ஆள் வராமயா? சரி தம்பி." இவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அப்புறம்தான் என்னிடம் அதைச் சொன்னார், வருகிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லு என்று.

நீங்கள் நான்காவது ஆள். நான் யாரிடமும் ஒரு குறையும் கூட்டிச் சொல்லவில்லை, ஒரு நிறையும் குறைத்துச் சொல்லவில்லை. உங்களுக்குப் பிடித்து எடுத்துக்கொண்டால் நான் வருத்தப்பட மாட்டேன். இல்லை, படுவேன். பொய் சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் மேல் படமாட்டேன். விசித்திரம் என்னவென்றால் இதுவரை வந்தவர்கள் யாரும் காபியை முழுதாகக் குடிக்கவில்லை. நல்ல டிகாக்ஷன்தான்.

இருங்கள், போவதற்கு முன்னால் முன் கதவைத் திறந்து காட்டுகிறேன். தணிகாசலம் எதற்கோ எப்போதும் இதைச் சாத்தியே வைக்கச் சொல்கிறார். காற்றைப் பார்க்காமல் இந்த வீட்டைப் பார்த்ததாகவே ஆகாது. இதோ.

பார்த்தீர்களா? தெரு எப்படிக் கோடு போட்ட மாதிரி நேராக வந்து நம் கேட்டில் முடிகிறது. அந்தக் கோடியில் நீலமாகத் தெரிகிறதே, கடல்.

என்ன ஆயிற்று? ஏன் பின்னால் போகிறீர்கள்? இதில் உட்காருங்கள். தண்ணீர் தரட்டுமா? கொதிக்க வைத்து ஆற வைத்ததுதான்.

என்ன சொன்னீர்கள்?

தெருக்குத்தா? அப்படியென்றால்?

...

தெரு நேராக வந்து குத்துகிற வீட்டில் குடியிருக்கக் கூடாதா? யார் இருந்தாலும்? உடம்புக்கும் வேலைக்கும் குடும்பத்துக்கும் ஆகாதா? இது எல்லோருக்கும் தெரியுமா?

பிள்ளையார் அதற்காகத்தானா?

கண்ணாடியும்?

இருங்கள், நானும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆக, மாமி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கேட்டது. ஓனர் உள்ளே வராதது. பெரியவர்கள் யாராவது வந்து பார்ப்பார்களா என்று கேட்டது. அந்தக் காருக்குப் பின்னால். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நான் ஐந்து நிமிஷம் என்று பிடிவாதம் பிடித்தேனே, அதற்கு வேறு வீடு கிடைக்காமல். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் இருந்திருப்பேனா? ஃபேனுக்குப் பயப்படுகிறவள்.

என் பயம் எதுவாக இருந்தாலும் நான் உடனே அவரிடம் சொல்லிவிடுவேன். சொன்னதும் எனக்குப் பாதி குறைந்துவிடும். அவர் இதை யாரிடம் சொல்லியிருப்பார்? அந்தப் பிள்ளையாரிடம்தான். நின்றபடி தூங்குகிறார் என்று நினைத்தேன் பாருங்கள்.

பயமாக இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. ஆனால் என்ன தெரியுமா, இது என் மற்றப் பயங்கள் மாதிரி புதுசாக இல்லை. மூன்று வருஷம் அவர் போட்டுத் தேய்த்த பழசு. கால் முறியவில்லை, வேலை போகவில்லை, சண்டை வரவில்லை. லாரிகூட ஒரு முழம் தள்ளித்தான் நின்றது. உள்ளே ஒருத்தி அந்தக் காற்றில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், கேட்கிறதா, லேசாகக் குறட்டை.

அவரிடம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லப் போவதில்லை. கேட்டால் சொல்வேன், மறைக்க மாட்டேன். கேட்காமல் நானாக எதற்கு? வருகிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லு என்றுதானே சொன்னார். அவரிடம் சொல்லச் சொல்லவில்லையே. சாயங்காலம் அவர் கிளம்பும்போது நானும் கீழே இறங்கிப் பக்கத்தில் நிற்பேன். செம்பருத்தி பூத்திருக்கிறது, ஒன்று வைக்கலாம்.

கிளம்புகிறீர்களா? உங்கள் மகனுக்கு நல்ல வீடாகக் கிடைக்கும். திருவான்மியூர் பக்கம் பாருங்கள், அங்கே தெருவெல்லாம் வளைந்து வளைந்துதான் போகும். இந்தச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள், முன் கேட் வழியாகவே போகலாம். மதில் மேல் வைத்துவிடுங்கள், எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம், போகிறபோது சொல்லிவிட்டுப் போங்கள். அந்தக் கண்ணாடி தெருவைப் பார்த்து இருக்க வேண்டுமா, வீட்டைப் பார்த்தா? தெருவையா? சரி. பொம்மையும் அப்படியேதானே? பரணில் பத்திரமாகத்தான் இருக்கிறது. மாட்டிவிடுகிறேன், கட்டாயம் மாட்டிவிடுகிறேன்.

இன்றைக்கு வேண்டாம். ஐந்து மணிக்கு இன்னொரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார் தணிகாசலம். ஆடி பிறக்கட்டும், முதல் வேலையாக மாட்டிவிடுகிறேன். அதுவரைக்கும் கதவு இப்படித் திறந்தே இருக்கட்டும். வருகிறவர்களும் காற்றைப் பார்க்க வேண்டாமா?